ஆணியும் பல்லும்

காலில் ஆணி குத்திவிட்டால் நம்மூரில் யாரும் யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை. "போய் ஒரு டி.டி. போட்டுக்கிட்டு வந்துடு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், மேஸ்திரி வேலையை நிறுத்தி அனுப்பிவைப்பார். அதே தெருவில் ஒரு நாய்க்குட்டி குழந்தையின் கெண்டைக்காலைப் பிராண்டினால் பேச்சு வேறு. "குட்டிதானே, வீட்டு நாய்தானே, ரத்தம்கூட வரலையே, கொஞ்சம் மஞ்சள் வை." இந்த அவசரமும் இந்த அலட்சியமும் இடம் மாறிக் கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆணி குத்திய அன்று போடும் ஊசி, முன்பே ஒழுங்காகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்குப் பல சமயம் தேவையே இல்லை. ஒருபோதும் போடாதவருக்கு அது மட்டும் போதாது. நாய் கடித்த அன்று தொடங்கும் ஊசியோ அந்தக் கடியிலிருந்தே உயிரைக் காப்பாற்றுகிறது. ஓடவேண்டிய நேரத்தில் நடக்கிறோம். நடந்துபோனால் போதும் என்ற இடத்துக்கு ஓடுகிறோம்.

ஆணியின் வழியே வரும் டெட்டனஸ் என்ற ரணஜன்னியையும், நாயின் வழியே வரும் ரேபிஸையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. இரண்டும் காயத்தின் வழியாக நுழைபவை. இரண்டும் நரம்பிழைகளின் உள்ளே பின்னோக்கி ஏறித் தண்டுவடத்தை எட்டுபவை. இரண்டிலும் தசை இழுக்கும். வெளிச்சமும் சத்தமும் காற்றும் நோயாளியை வதைக்கும். நாய்க்கடி என்று வந்தால் மருத்துவர் இரண்டையும் சேர்த்தேதான் நினைக்கிறார், ஏனென்றால் கடியும் ஒரு காயம், மண் பட்ட காயம் எதுவானாலும் ரணஜன்னிக்கு வாசல். இதிலிருந்து ஒரு விபரீதமும் பிறக்கிறது. கடிபட்டவர் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டி.டி. மட்டும் போட்டுக்கொண்டு, "ஊசி போட்டாச்சு" என்று வீடு திரும்பிவிடுகிறார். போட்ட ஊசி ரணஜன்னிக்கு. ரேபிஸுக்கு எதுவுமே போடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. வீட்டிலிருப்பவர்களுக்கும் தெரியாது.

ரணஜன்னியை உண்டாக்குவது குளோஸ்டிரிடியம் டெட்டானி என்ற பாக்டீரியா. ஈழத்தில் இந்த நோயை ஏற்புவலி என்பார்கள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இந்தக் கிருமி வளராது. கெட்டி உறை போர்த்திய வித்தாக ஒடுங்கி மண்ணிலும் தூசியிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மாடு, குதிரை, ஆடு இவற்றின் குடலிலும் குடியிருக்கும். கொஞ்சநேரம் கொதிக்க வைத்தால் சாகாது. அறுவைக் கருவிகளில் ஒட்டிய வித்துகளைக் கொல்ல, அழுத்த நீராவியில் 121 டிகிரி வெப்பம் வேண்டும். ஆழமாகக் குத்தி வாய் மூடிக்கொண்ட காயம், செத்த தசை, உள்ளே சிக்கிய முள், இவை கிடைத்தால் வித்து முளைக்கும். துருவுக்கும் இதற்கும் நேரடி உறவு கிடையாது. துருப்பிடித்த ஆணி என்றால் மண்ணில் நெடுநாள் கிடந்த ஆணி, அவ்வளவுதான். தொழுவத்துத் தரையில் கிடந்தால் கடையில் வாங்கிய புது ஆணியும் அதே வேலையைச் செய்யும். கருவேல முள், மூங்கில் சிலாம்பு, மண்வெட்டி வெட்டு, தீக்காயம், சீழ் வடியும் காது, சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண் என எல்லாமே அதற்கு வழி. சில நோயாளிகளிடம் காயம் எங்கே என்று தேடினாலும் கிடைப்பதில்லை, அவ்வளவு சிறியதாக இருந்து ஆறிப்போயிருக்கும்.

ரேபிஸ் ஒரு வைரஸ். துப்பாக்கிக் குண்டு வடிவில் இருக்கும். உயிருள்ள உடலுக்கு வெளியே அதற்கு வாழ்வில்லை, வெயிலிலும் உலர்விலும் சோப்பிலும் சீக்கிரம் அழிந்துவிடும். அதற்கு வேண்டியது ஒரு பாலூட்டியின் உமிழ்நீரும் இன்னொரு பாலூட்டியின் கிழிந்த தோலும்தான். நம் நாட்டில் அந்தப் பாலூட்டி பெரும்பாலும் நாய். ஆக ஒன்று மண்ணின் நோய், மற்றது விலங்கின் நோய். இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற வேறுபாடுகள் எல்லாம் கிளைக்கின்றன.

இவற்றை அறிந்த வரலாறும் ஒன்றுக்கொன்று தலைகீழ். ரணஜன்னியில் அறிவு முறையாகப் படிப்படியாக ஏறியது. 1884-ல் இத்தாலியில் கார்லே, ராட்டோனே என்ற இருவர் நோயாளியின் சீழை முயலுக்கு ஏற்றி அதே நோயை உண்டாக்கினார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் நிக்கோலையர் வெறும் மண்ணை விலங்குகளுக்கு ஏற்றி அதையே காட்டினார். ஆனால் கிருமியை மற்ற கிருமிகளிடமிருந்து பிரிக்க யாராலும் முடியவில்லை. பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்கு வந்த ஜப்பானியரான கிட்டசாட்டோ 1889-ல் அதைச் செய்தார். கலப்புக் கிருமிகளை 80 டிகிரியில் சூடாக்கினார். மற்றவை செத்தன, வித்துகள் மிஞ்சின. அவற்றை ஆக்சிஜன் புகாமல் ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்தார். மறு ஆண்டே, 1890-ல், அவரும் பேரிங்கும் சேர்ந்து, நச்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் ரத்தநீர் இன்னொரு விலங்கைக் காக்கும் என்று நிறுவினார்கள். 1920-களில் பிரான்சில் ராமோன் வகுத்த வழியில், ஃபார்மலின் சேர்த்து நச்சின் பல்லைப் பிடுங்கித் தடுப்பூசி ஆக்கினார்கள். இன்று நாம் போட்டுக்கொள்வது அந்த வழிவந்ததுதான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் இதைத் தன் வீரர்கள் எல்லோருக்கும் போட்டது. அத்தனை சேறும் வெட்டுக்காயமும் கண்ட அந்தப் போரில் அவர்களிடையே பதிவான ரணஜன்னி 12 பேருக்கு மட்டுமே.

ரேபிஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த 9 வயது ஜோசப் மைஸ்டருக்கு முதல் ஊசியைப் போடச் செய்தபோது அந்தக் கிருமியைக் கண்ணால் கண்டவர் உலகில் ஒருவரும் இல்லை. நுண்ணோக்கியில் தெரியவில்லை, சோதனைக்குழாயில் வளரவில்லை. முயலின் தண்டுவடத்தில் அதை வளர்த்து, அந்தத் தண்டுவடத்தை உலர வைத்து வீரியம் குறைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வீரியம் கூடியதை ஏற்றினார். சிறுவன் பிழைத்தான். எதிரியைப் பார்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஆயுதம் வந்துவிட்டது. ஆனால் அப்படி வந்த ஆயுதத்தின் கரடுமுரடும் நெடுநாள் நீடித்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கிய, மூளைத்திசுவிலிருந்து எடுக்கும் தடுப்பூசியே நம் நாட்டில் பல தலைமுறைக்குப் புழங்கியது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் பெற்றோர் சொல்லும் கதை அதுதான். மூளைத்திசு கலந்திருந்ததால் சிலருக்கு ஊசியே பக்கவாதம் தந்தது. 2004-ல்தான் இந்தியா அதன் தயாரிப்பை நிறுத்தியது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் உருவாகும் தூய தடுப்பூசி. புஜத்தில் போடுவது. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தடவை, தசையில் போடும் முறையில் ஐந்து தடவை. வலி ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் தொப்புள் கதை இன்னும் சாகவில்லை. கடிபட்டவர் தயங்கி நிற்பதில் அந்தப் பழைய கதைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இந்தியாவில் 1902 என்ற ஆண்டு இரண்டு நோய்களுக்கும் பொதுவானது. அந்த ஆண்டு நீலகிரியில் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் ரேபிஸால் இறந்தார். சிகிச்சை கிடைக்கும் ஒரே இடம் அன்று இமயமலைச் சாரலில் இருந்த கசௌலி. தென்னிந்தியாவிலிருந்து ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் நாட்கள் போய்விடும். அந்தச் சாவு கிளப்பிய பேச்சும், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த பணமும் சேர்ந்து 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தைத் திறக்க வைத்தன. அதே 1902 அக்டோபர் கடைசியில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்தார்கள். பத்தொன்பது பேருக்கும் மருந்து எடுத்தது ஒரே புட்டியிலிருந்து. அதைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்ததென்றும், அதைத் தீயில் காட்டாமல் கிருமிநாசினியில் நனைத்துவிட்டுப் பயன்படுத்தினார்கள் என்றும் பின்னர் தெரியவந்தது. பழி முழுவதும் தடுப்பூசியைக் கண்டறிந்த ஹாஃப்கின் தலையில் விழுந்தது. ரொனால்ட் ராஸ் உள்ளிட்டோர் வாதாடிய பிறகு, 1907-ல்தான் அவர் குற்றமற்றவர் என்று முடிவானது. குன்னூர் நிறுவனம் திறந்த அதே ஆண்டு என்பது தற்செயல். ஆனால் இரண்டு நோய்களின் குணத்தையும் இந்த இரண்டு சம்பவங்களைவிடத் தெளிவாகக் காட்டுபவை அரிது. ஒன்றில் ஊசி தொலைவில் இருந்ததால் சாவு. மற்றதில் தரையில் விழுந்த ஒரு கருவியால் சாவு.

உடலுக்குள் என்ன நடக்கிறது? ரணஜன்னிக் கிருமி காயத்தை விட்டு நகர்வதே இல்லை. அது சுரக்கும் நச்சுதான் பயணம் போகிறது. மனித உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2.5 நானோகிராம் போதும் ஆளைக் கொல்ல, அறியப்பட்ட நச்சுகளில் மிகக் கொடியவற்றுள் இது ஒன்று. நம் தசைகளுக்கு 'சுருங்கு' என்று சொல்லும் நரம்புகள் உண்டு, 'போதும், விடு' என்று அவற்றை அடக்கும் நரம்புகளும் உண்டு. நச்சு தண்டுவடத்தில் ஏறி, அடக்கும் நரம்புகள் வேதிச்செய்தி அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. மூக்கணாங்கயிறு அறுந்த காளை போலத் தசைகள் கட்டுக்கடங்காமல் இழுக்கின்றன. தாடை பூட்டிக்கொள்கிறது, முகம் கோணிச் சிரிப்பது போல் ஆகிறது, முதுகு வில்லாக வளைகிறது. நம் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைனும் அதே அடக்கும் செய்தியைத்தான் வேறொரு முனையில் தடுக்கிறது. அதனால்தான் எட்டிக்கொட்டை நஞ்சுண்டவரையும் ரணஜன்னி நோயாளியையும் முதல் பார்வையில் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு.

ரேபிஸில் நகர்வது நச்சல்ல, வைரஸே நேரடியாக நகர்கிறது. கடித்த இடத்துத் தசையில் கொஞ்சகாலம் பதுங்கி, பிறகு நரம்பைப் பிடித்து மெல்ல மெல்ல ஏறுகிறது. மூளையை அடைந்ததும் அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது, அடுத்த உடலுக்குப் போகும் வழி அது. மூளைக்கு அருகில், முகத்திலோ தலையிலோ கடிபட்டால் வழி குறுகுகிறது, நாட்களும் குறைகின்றன. ரணஜன்னியில் கடைசி வரை நினைவு தெளிவாக இருக்கும். தன் உடம்பு ஒடிவதை முழு விழிப்போடு அனுபவிக்கிறார் நோயாளி. ரேபிஸில் பயமும் குழப்பமும் வெறியும் வந்து போகும், நடுவில் தெளிவும் வரும். நாய் போலக் குரைப்பார்கள் என்பது கட்டுக்கதை. தொண்டைத்தசை இழுத்துக்கொள்ளும்போது எழும் ஓசையை நம் அச்சம் அப்படிக் கேட்டிருக்கலாம்.

படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு இரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு கடினமல்ல. ரணஜன்னியில் வாயைத் திறக்கவே முடியாது. இழுப்புகளுக்கு இடையிலும் வயிறு பலகைபோல் இறுகியே இருக்கும். ரேபிஸில் தாடை பூட்டாது. இழுப்பு நின்றதும் தசை தளரும். தண்ணீரைக் கண்டாலோ விசிறிக் காற்று பட்டாலோ தொண்டை இறுகும். ரணஜன்னியை உறுதி செய்ய நம்பகமான ரத்தப் பரிசோதனை இல்லை, கண்ணும் கையும்தான் கருவி. மும்பையில் ஆப்தே, கர்னாட் என்ற இரு மருத்துவர்கள் 400 நோயாளிகளிடம் சோதித்து 1995-ல் வெளியிட்ட ஒரு எளிய சோதனை உண்டு. நாக்கை அழுத்தும் குச்சியால் தொண்டையின் பின்பக்கத்தைத் தொட வேண்டும். நம்மில் யாருக்கும் ஓங்கரிக்கும், ரணஜன்னி நோயாளியோ குச்சியைக் கடித்துப் பிடித்துக்கொள்வார். நூற்றில் 94 பேரிடம் அது சரியாகக் காட்டியது. இயந்திரம் எதுவும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடியது என்பதால் இந்தச் சிறிய ஆய்வின் மேல் எனக்குத் தனி மதிப்பு.

சிகிச்சையில் இரண்டின் தலைவிதியும் பிரிகிறது. ரணஜன்னி நோயாளியைக் காப்பாற்ற முடியும். காயத்தைத் திறந்து செத்த தசையை வெட்டி எடுக்க வேண்டும். இன்னும் நரம்பில் பிணையாத நச்சைப் பிடிக்க எதிர்ப்புப் புரதம், கிருமிக்கு மெட்ரோனிடசோல், இழுப்புக்கு டயசெபாம், மூச்சு நின்றால் தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர். ஏற்கெனவே நரம்பில் பிணைந்த நச்சை எதுவும் அகற்றாது. உடல் புது நரம்பு முனைகளை வளர்க்கும் வரை, வாரக்கணக்கில், நோயாளியைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். இலங்கை மருத்துவர்களான அத்திகலவும் ரொட்ரிகோவும், பேறுகால வலிப்புக்குப் பயன்படும் மலிவான மக்னீசியம் சல்பேட்டை இதற்குக் கொண்டுவந்து 40 நோயாளிகளின் அனுபவத்தை 2002-ல் வெளியிட்டார்கள். வென்டிலேட்டர் குறைவாக உள்ள நாடுகளுக்கு அது ஒரு நம்பிக்கை. பின்னர் வியட்நாமில் 256 பேரிடம் நடந்த பெரிய சோதனை அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்தியது. இழுப்பை அடக்கும் மற்ற மருந்துகளின் தேவையை மக்னீசியம் குறைக்கிறது, வென்டிலேட்டரின் தேவையைக் குறைப்பதில்லை. நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பிழைத்தவருக்கும் வீட்டுக்கு அனுப்பும் முன் தடுப்பூசி போட வேண்டும், அதுதான் வியப்பு. கொல்லப் போதுமான அளவு நச்சு, உடலின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ளப் போதாது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்ற பொதுவிதி இங்கே செல்லாது.

ரேபிஸில் அறிகுறி தோன்றிவிட்டால் செய்வதற்கு ஏறக்குறைய எதுவுமில்லை. 2004-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தடுப்பூசியே போடாத 15 வயதுச் சிறுமியை மருந்தால் ஆழ்மயக்கத்தில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். உலகமே நிமிர்ந்து பார்த்தது. அதே முறையைப் பிறகு பலரிடம் செய்தபோது அந்த வெற்றி பெரும்பாலும் திரும்பவில்லை. வலி தெரியாமல், தாகம் வதைக்காமல் கடைசி நாட்களைக் கடக்க வைப்பதுதான் இன்றும் பெரும்பாலும் நடப்பது.

இங்கேதான் முதலில் சொன்ன வாதத்துக்குத் திரும்ப வேண்டும். ரணஜன்னி காயத்துக்குப் பிறகு பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் வருகிறது, சராசரி 8 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருபோதும் தடுப்பூசி போடாத உடலில் முதல் ஊசி பெரிதாக எதையும் எழுப்புவதில்லை. நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி போட்டு, அதன்பிறகும் சில நாட்கள் ஆனால்தான் பாதுகாப்பு வரும். அதற்குள் நோய் வந்து போயிருக்கும். ஆகவே அப்படிப்பட்டவருக்கு அழுக்கான காயம் என்றால் கூடவே தயார்நிலை எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் போட வேண்டும். வெறும் டி.டி. அவருடைய அடுத்த காயத்துக்கான முன்பணம். குழந்தைப் பருவத்தில் எல்லாத் தவணையும் போட்டவர் கதை வேறு. அவர் உடலில் நினைவு இருக்கிறது, ஒரு ஊக்க ஊசி சில நாட்களில் எதிர்ப்பை மீண்டும் உயர்த்திவிடும். அதுவும்கூட, சிறு சுத்தமான காயம் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்தாண்டு தாண்டியிருந்தால்தான் தேவை. மண் பட்ட காயம் என்றால் ஐந்தாண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு டி.டி. என்பது மருத்துவக் கணக்கில் எங்குமே இல்லை. அளவுக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால் கை வீங்கித் தகிக்கும், வேறு லாபமில்லை.

ரேபிஸில் நேரம் நம் பக்கம். வைரஸ் மூளையை எட்ட வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகிறது. தடுப்பூசிக்கு எதிர்ப்பை உருவாக்க ஒன்றிரண்டு வாரம் போதும். அதாவது கடித்த பிறகு ஓட ஆரம்பித்தாலும் ஊசி வைரஸை முந்திவிடும், உடனே கிளம்பினால். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி, புண்ணில் பட்ட நாக்கு, இவற்றுக்கு அந்த ஒன்றிரண்டு வாரத்தையும் விட்டுவைக்காமல், காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் இம்யூனோகுளோபுலின் செலுத்த வேண்டும். இதைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். சிறிய மருத்துவமனையில் தடுப்பூசி இருக்கும், இது இருக்காது. அல்லது இருந்தும் காயத்துக்குள் குத்தத் தயங்கி இடுப்பில் போட்டுவிடுவார்கள். பிறகு தவணை விட்டுப்போவது. முதல் ஊசி போட்டதும் பயம் போய்விடுகிறது, பயம் போனதும் மூன்றாவது ஊசி மறந்துபோகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2022-23-ல் நாடு தழுவி நடத்திய ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிட்டது. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒவ்வொரு தெருவிலும் டி.டி. பேச்சு கேட்கும் நாட்டில்தான் இது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு மருந்து வீட்டுக் குளியலறையிலேயே இருக்கிறது, சோப்பும் குழாய்த் தண்ணீரும். ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. ரேபிஸ் வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்து வைரஸைக் கொன்றுவிடும். பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுவது அதனால்தான் சிகிச்சையின் முதல் பகுதியாகவே எண்ணப்படுகிறது. ரணஜன்னி வித்தைச் சோப்பு ஒன்றும் செய்யாது. அங்கே கழுவுவது மண்ணையும் செத்த சதையையும் வெளியேற்ற. கடிக்காயத்துக்கு உடனே தையல் போடக்கூடாது, வைரஸை ஆழத்துக்குத் தள்ளும். போட்டே ஆகவேண்டும் என்றால் இம்யூனோகுளோபுலின் செலுத்திய பிறகு தளர்வாகப் போடுவார்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, பச்சிலை, மந்திரித்த திருநீறு, இவை எதுவும் இரண்டு நோய்க்கும் எதிரியல்ல. காயத்துக்குள் அழுக்கை அடைத்து மூடுபவை ரணஜன்னிக்கு நட்பானவை என்றே சொல்லலாம்.

தடுப்பு என்று வரும்போது ஓர் ஊரோ நாடோ என்ன செய்ய முடியும் என்பதிலும் இரண்டும் எதிரெதிர்த் திசை. ரேபிஸை நாயிடமே நிறுத்தலாம். ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் சங்கிலி அறும். அந்த ஊரில் ஊசி போடாத மனிதரும் காக்கப்படுவார். கோவா இப்படித்தான் நாய்களைத் தேடித்தேடிப் போட்டு, 2021-ல் தன்னை ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவித்துக்கொண்டது. 2030-க்குள் நாய்வழி ரேபிஸ் சாவுகளைப் பூஜ்யமாக்குவது உலகத்தின் இலக்கு. ரணஜன்னிக்கு அப்படி ஓர் இலக்கு வைக்கவே முடியாது. மண்ணுக்கு ஊசி போட முடியாதே. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாத நோய் என்பதால், என் தெருவில் எல்லோரும் போட்டுக்கொண்டாலும் அது எனக்கு எந்தக் காப்பும் தராது. அவரவர் காப்பு அவரவர் ரத்தத்தில்தான்.

இதற்கு ஒரே விதிவிலக்கு பிறந்த குழந்தை. அதன் காப்பு தாயின் ரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியே வருகிறது. சுத்தமில்லாத கத்தியால் கொடியை வெட்டி, சாணமோ சாம்பலோ தடவிய காலத்தில் பிறந்து ஒரு வாரம்போல ஆன குழந்தைகள் பால் குடிக்க முடியாமல் வாய் இறுகி இறந்தன. 1988-ல் மட்டும் உலகில் 7,87,000 சிசுக்கள் அப்படிப் போனதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கர்ப்பிணிக்கு இரண்டு ஊசி, மருத்துவமனைப் பிரசவம், சுத்தமான பிளேடு, கொடியில் எதையும் தடவாமை என்ற எளிய சேர்க்கையால், 2015-ல் இந்தியாவில் எல்லா மாவட்டங்களிலும் சிசு ரணஜன்னி ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. செவிலியர்களும் கிராம சுகாதாரப் பணியாளர்களும் சாதித்த இதைப் போதுமான அளவு நாம் கொண்டாடவில்லை.

அந்தச் சாதனையின் நிழலில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. நம் நாட்டின் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-ல். அதற்கு முன் பிறந்த பெண்களுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஊசி கிடைத்தது. அவர்களுடைய அண்ணன் தம்பிகளுக்கும் கணவன்மார்களுக்கும் யாரும் கூப்பிட்டுப் போடவில்லை. இன்று வயலில் வெறுங்காலோடு நிற்கும் அறுபது வயது விவசாயி, வாழ்நாளில் எத்தனை டி.டி. போட்டிருந்தாலும், அவை காயம்பட்ட நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டவை. முறையான தவணை முடித்தாரா என்று அவருக்கும் தெரியாது, எந்த அட்டையிலும் இல்லை. இப்போது டி.டி.க்குப் பதிலாக, தொண்டை அடைப்பானையும் சேர்த்துக் காக்கும் புது ஊசி அரசு மருத்துவமனைகளுக்கு வந்திருக்கிறது. பத்து வயதில், பதினாறு வயதில், கர்ப்பத்தில் என்று அதற்கு அட்டவணை உண்டு. அதற்குப் பிறகு அட்டவணையில் யாருக்கும் இடமில்லை. நாற்பதிலும் ஐம்பதிலும் அறுபதிலும் இருப்பவர் தானாக வந்து கேட்க வேண்டும். மருமகளின் கர்ப்பப் பரிசோதனைக்குத் துணையாக வரும் மாமனாரிடம், "ஐயா, நீங்க கடைசியா எப்போ போட்டீங்க?" என்று கேட்க அந்தச் செவிலியருக்கு அரை நிமிடம் ஆகும். குளிர்ப்பெட்டியில் இருப்பது அதே மருந்துதான்.